குடல் பயாப்ஸி ரிப்போர்ட்டில் "இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம்" என்று வந்தால்?

சரி, அடுத்த கேள்வி மஸ்கெலியாவிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 24 வயது. நாலு மாதமாக வலது பக்க அடிவயிற்றில் வலி, ஆளும் மெலிந்துவிட்டார். கொலனோஸ்கோபி (குடலுக்குள் கெமரா விட்டுப் பார்ப்பது) செய்து சதை எடுத்துப் பார்த்ததில், "கிரனுலோமா உண்டு, காசநோயாகவும் இருக்கலாம், குரோன்ஸ் நோயாகவும் இருக்கலாம்" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மறுபடியும் சதை எடுக்க வேண்டுமாம். "லேபில் சரியாகப் பார்க்கவில்லையா டொக்டர்?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, அப்படி எழுதியவர் கவனமாகப் பார்த்தவர் என்றுதான் நான் நினைக்கிறேன். குரோன்ஸ் என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்குகிற நாள்பட்ட நோய். சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற இடத்தில்தான் இந்த இரண்டு நோயும் அதிகமாக வரும். இரண்டிலும் புண் வரும், குடல் சுருங்கும், கிரனுலோமாவும் வரும். கிரனுலோமா என்றால் எதிர்ப்புக் கலங்கள் கூடிக் கட்டுகிற சின்ன உருண்டை. காசநோயில் அது பெரிதாக, நிறைய, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். நடுப்பகுதி இறந்துபோய் இளஞ்சிவப்புத் தூள் போலத் தெரியும். குரோன்ஸில் சின்னதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். ஆனால் நமக்குக் கிடைப்பது 2, 3 மில்லிமீட்டர் சதை. கோப்பையின் அடியில் தங்கும் தேயிலைத் துணுக்கு அளவுதான். அதுவும் குடலின் மேல் படலம் மட்டும். அந்த இறந்த பகுதி அடியில் இருந்தால் கைக்கு வராது.

காசநோய்க் கிருமிக்கென்று ஒரு சாயம் உண்டு. நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சி மாதிரித் தெரியும். குடலில் கிருமிகள் மிகக் குறைவு என்பதால், நோய் இருந்தும் பல தடவை ஒன்றும் தெரியாது. கிருமியை வளர்த்துப் பார்க்கலாம் என்றால், கெடாமலிருக்கப் போர்மலின் மருந்தில் போட்ட சதையில் கிருமி செத்துவிடும். அதற்குப் புதிய சதை சேலைனில் (உப்புத் தண்ணீரில்) வர வேண்டும், சில வாரங்கள் பொறுக்கவும் வேண்டும். மறுபடி சதை கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு முறை லேபில் எனக்குச் சதையோடு வந்த படிவத்தில் "புண், பயாப்ஸி" என்று இரண்டே சொல். அதே சதையை இன்னும் ஆழமாக வெட்டி வெட்டிப் பார்த்தேன். பிந்திய வெட்டொன்றில்தான் நடுவில் இறந்துபோன அந்த உருண்டை கிடைத்தது. அப்புறம் வார்டுக்குப் போன் செய்தால், அந்தப் பிள்ளையின் அப்பா இரண்டு வருடத்துக்கு முன் காசநோய்க்கு மாத்திரை எடுத்தவராம். எல்லோரும் தோட்டத்து லயத்தில் ஒரே காம்பராவில் (அறையில்) படுப்பவர்கள். அந்த ஒரு வரி படிவத்தில் இருந்திருந்தால் எவ்வளவு நாள் மிச்சம்!

இவ்வளவு பொறுமை ஏன் என்றால், குரோன்ஸ் என்று நினைத்து ஸ்டிரொய்ட் (எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து) கொடுத்து, உள்ளே இருப்பது காசநோயாக இருந்துவிட்டால் அது உடம்பெல்லாம் பரவக்கூடும். அதனால்தான், சந்தேகம் தீராவிட்டால் பல இடங்களில் காசநோய் மருந்தை முதலில் கொடுத்து, இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப ஸ்கோப் செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். காசநோய் என்றால் பொதுவாக 6 மாத மருந்து. அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் இலவசம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, தம்பிக்கு நாள்பட்ட இருமல் உண்டா என்பதை எழுதிக்கொண்டு போங்கள். பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துப் போங்கள். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டிரொய்ட் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், அதை நீங்களாக நிறுத்தாமல் அன்றைக்கே டொக்டரிடம் சொல்லுங்கள்.