கூட வருவது யார்?

நேயர்களுக்கு வணக்கம். இந்த நேரத்தில் முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் எத்தனையோ பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, கை பீடி சுற்ற, காதை ரேடியோவுக்குக் கொடுத்திருப்பீர்கள். கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க உங்கள் வீட்டுத் தார்சாக்களில் உட்கார்ந்து பேசியவள் நான். கையை நிறுத்த வேண்டாம், சுற்றிக்கொண்டே கேளுங்கள். ஆண்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் எழுந்து போய்விடாதீர்கள். உங்களுக்கும் இதில் சோலி இருக்கிறது.

புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிப் பேச வந்திருக்கிறேன். வலி, கட்டி, ரத்தப்போக்கு என்று வந்த பிறகு செய்வதைச் சொல்லவில்லை. உடம்பில் ஒரு குறையும் தெரியாதபோது செய்து பார்ப்பது. "நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு?" என்று கேட்கிறீர்களே, நல்லா இருக்கிறவர்களுக்குத்தான் இது.

முதலில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இது ஒரே நாளில் வருவதில்லை. எச்.பி.வி. என்ற கிருமி தொற்றி, பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கி, கர்ப்பப்பை வாயில் இருக்கும் செல்களை மெல்ல மெல்ல மாற்றும். அந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும். இவ்வளவு அவகாசம் கொடுக்கிற புற்றுநோய் அபூர்வம். அந்த வருடங்களுக்குள் எப்போது பார்த்தாலும் பிடித்துவிடலாம்.

பார்ப்பது எப்படி? நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்வது மிக எளிய முறை. புளிக்காடி மாதிரியான ஓர் அமிலக் கரைசல், அசெட்டிக் அமிலம். அதைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மாறிய இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது, வெட்டுவது கிடையாது. முடிவை அங்கேயே சொல்லிவிடுவார்கள். 30 வயது தாண்டிய பெண்கள் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை செய்துகொண்டால் போதும். மாதவிலக்கு நாளில் மட்டும் வேண்டாம்.

இவ்வளவு சாதாரணமாக இருக்கிறதே, இதனால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் திண்டுக்கல்லைச் சொல்வேன். 2000ஆம் ஆண்டில் தொடங்கி, அந்த மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் இதே சோதனையைச் செய்தார்கள். முடிவு 2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றால் இறப்பது, அழைக்கப்படாத ஊர்களைவிட 35 சதவீதம் குறைவாக இருந்தது. வெளிநாட்டுக் கதை இல்லை. நம்மைப் போல வயலுக்கும் மில்லுக்கும் போகிற பெண்கள் அவர்கள்.

சரி, சோதனை இருக்கிறது, இலவசமாகவும் இருக்கிறது. பிறகு எங்கே தவறிப்போகிறது? முதல் நாளில் இல்லை. முகாம் என்றால் பக்கத்து வீட்டு மதினியைக் கூட்டிக்கொண்டு எப்படியும் வந்துவிடுவீர்கள். "பாசிட்டிவ், மேல்சோதனைக்குத் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு, அந்த இரண்டாவது பயணத்தில்தான் ஆட்களைத் தவறவிடுகிறோம். இதைத்தான் நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பலருக்கு ஒன்றுமே இருக்காது. இன்னொரு தடவை உற்றுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண்ணுக்குப் பாசிட்டிவ் என்று வந்தது. நான் போய்ப் பேசினேன். "சனிக்கிழமை கூலி போடுவாக, அது முடியட்டும்" என்றாள். அடுத்த தடவை போனால், வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார் என்றாள். அதற்கும் அடுத்த தடவை கதவே திறக்கவில்லை. உள்ளே இருக்கிறாள், சுளகு அசைகிற சத்தம் கேட்கிறது. அவளைக் குறை சொல்லாதீர்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் காசு வேறு. எந்தக் கட்டடம், எந்த வரிசை என்று தெரியாது. எல்லாவற்றையும்விட, "கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போனாளாம்" என்று தெரு பேசும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு அது.

அதே தெருவில், சில வருடத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் கரண்ட் வைத்துக் குணமாகி வந்த ஓர் அக்கா இருந்தார். கதிர்வீச்சு சிகிச்சையை நாம் கரண்ட் வைப்பது என்றுதானே சொல்கிறோம். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பதில் ஒன்றும் பேசவில்லை. அன்று மத்தியானம் ஒரு தூக்குச்சட்டியில் மீன்குழம்பு எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டார். "ஏட்டி, கதவைத் திற. கரண்டு வச்சவ வச்ச கொழம்பு, சாப்பிடுவியா மாட்டியா?"

ஏன் அப்படிக் கேட்டார் தெரியுமா? சிகிச்சை முடிந்து வந்த புதிதில் சொந்தக்காரர்கள் அவருக்குத் தனித் தம்ளர் வைத்தார்கள். அவர் கை பட்ட சாப்பாட்டைத் தொடவில்லை. நோயைவிட அதுதான் வலித்தது என்பார். இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, குழந்தையைத் தூக்கினால் வராது. நான் சொன்ன எச்.பி.வி. கிருமி தாம்பத்திய உறவில் பரவுவது, தம்ளரில் பரவுவது இல்லை. அது மிகச் சாதாரணமான கிருமி, வாழ்நாளில் ஏதோ ஒரு சமயம் பெரும்பாலானவர்களுக்கு வந்து போவது. அதை வைத்து எந்தப் பெண்ணுடைய நடத்தையையும் எடை போடாதீர்கள்.

கதவு திறந்தது. அக்கா உள்ளே போய் உட்கார்ந்து, "என்னைத் தொட்டுப் பாரு. நான் ரொம்ப லேட்டா போனேன், அதனால கரண்டு வரைக்கும் போச்சு. நீ இப்பவே போனா அது வேண்டாம். நாளைக்கு நானும் வாரேன்" என்றார். நான் மாதக்கணக்கில் சொன்னதுதான். ஆனால் என் வாயிலிருந்து வந்தால் அது சர்க்காரின் பேச்சு. அவர் வாயிலிருந்து வந்தபோது, அந்த நோயைத் தாண்டி வந்த உடம்பே எதிரில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். சதை எடுத்துச் சோதித்ததில் புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலை. அந்த இடத்தை மட்டும் உறைய வைத்து அழித்தார்கள். கர்ப்பப்பையை எடுக்கவில்லை, கரண்ட் இல்லை, கீமோ இல்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நோயிலிருந்து மீண்ட ஒரு பெண்ணைத் துணைக்கு வைக்க வேண்டும். சும்மா இல்லை, நாள் கூலியும் பஸ் காசும் கொடுத்து. முகாம் முடிந்ததும் இத்தனை பேருக்குச் சோதனை செய்தோம் என்று பலகை வைக்கிறோம். பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேர் மேல்சோதனைக்குப் போனார்கள் என்பதையும் பலகையில் எழுதுங்கள். சோதனை மட்டும் செய்துவிட்டு ஆளைக் கைவிட்டால், பயத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது மாதிரிதான்.

மீண்டவர்களுக்கும் இதில் ஒரு தெம்பு உண்டு. அந்த அக்கா அதற்கப்புறம் பலரைக் கூட்டிப் போனார். தனித் தம்ளர் வைத்தவர்களே துணைக்கு அவரைத் தேடி வந்தார்கள்.

அடுத்து வாய்ப் புற்று. ஆண்களை இருக்கச் சொன்னது இதற்காக. பீடி, சிகரெட், புகையிலை, பாக்கு, குடி எது இருந்தாலும் மாதம் ஒருமுறை கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து பாருங்கள். கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் காட்டிவிடுங்கள். வாய் முன்னைப்போலத் திறக்கவில்லை, காரம் பொறுக்கவில்லை என்றாலும் காட்ட வேண்டும். வெற்றிலை போடும் ஆச்சிகளே, புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே போதும் புற்றை வரவழைக்க. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் அந்த முடிவு வந்தது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மார்பகம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். வலிக்காத கட்டிதான் அதிகம் கவனிக்க வேண்டியது, காம்பில் ரத்தம் கசிந்தாலும் காம்பு உள்ளே இழுத்தாலும் போய்க் காட்டுங்கள், அவ்வளவு இப்போதைக்கு. பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி, 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. போட்டவர்களும் பிற்காலத்தில் சோதனை செய்துகொள்ள வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அப்புறம் ரயில். சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூட வருபவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. அதற்கான சான்றிதழை மருத்துவமனையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.