முதலில் ஒரு நாற்காலி

(ஜவுளிக்கடைப் பெண் பணியாளர்கள் கூட்டத்தில் மகப்பேறு செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

சகோதரிகளே,

"வயிற்றுப்பிள்ளைக்காரி, கவலைப்படக் கூடாது" என்று மாமியார் முதல் மேலாளர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிக் கவலைப்படாமல் இருப்பதாம்? ஸ்கேனில் என்ன சொல்வார்களோ, விடுப்பு முடிந்து வரும்போது வேலை இருக்குமோ, தவணைப் பணத்துக்கு என்ன வழியோ? அத்தனையையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் சிரித்த முகத்தோடு புடவை விரித்துக் காட்டுகிறவர்கள் நீங்கள்.

மனம் பதறினால் தசைகள் நம்மை அறியாமலே இறுகும். தசையைத் தளர்த்தப் பழகினால் பதற்றமும் தணியும் என்று எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களிலேயே எழுதினார். இப்போதே செய்து பாருங்கள். வலது கையை இறுக மூடுங்கள். ஐந்து எண்ணுங்கள். சட்டென்று விடுங்கள். விரல்கள் துவண்டு கிடப்பதை அரை நிமிடம் கவனியுங்கள். பிறகு இடது கை, தோள்கள், தாடை, தொடை. கர்ப்பிணிகள் வயிற்றை மட்டும் இறுக்க வேண்டாம். பாதத்துக்கு வரும்போது விரல்களை முன்னால் நீட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உங்கள் பக்கமாக மடக்குங்கள்.

மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை அடக்கும் பிராணாயாமம் இப்போது வேண்டாம். வீட்டில் செய்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். மாதம் ஏற ஏற, மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றலாம்.

"நாள் முழுக்க நிற்கிறோம், எங்கே செய்வது?" என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2021-இல் தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். ஆகவே கூச்சப்படாமல் உட்காருங்கள். முன்வரிசையில் இருக்கும் முதலாளிமாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: பத்து நிமிடம் உட்கார விடாமல், ஆண்டுக்கு ஒருநாள் யோகா வகுப்பு வைத்துப் படம் எடுத்துக்கொள்வதால் யாருக்கும் பயனில்லை.

எல்லாப் படபடப்பும் மனத்திலிருந்து வருவதில்லை. ரத்தசோகையும் தைராய்டும் படபடப்பைத் தரும். பரிசோதனைக்குப் போகும்போது கேளுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் என்றால் ரத்த அழுத்தமாக இருக்கலாம். அப்போது மூச்சை எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் 14416-ஐ அழையுங்கள். அரசின் இலவச மனநலச் சேவை அது, தமிழிலேயே பேசலாம்.