பலம் பத்து, பலம் மூன்று

சேலம் நேயர்களுக்கும் சேர்வராயன் மலையில் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கும் வணக்கம். கணக்கு வாத்தியாரை அழைத்தால் வீடியோ கேமைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலருக்குத் தோன்றலாம். போரை வைத்து விளையாட்டு செய்தால் அது எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஆடு புலி ஆட்டம் ஆடியிருப்பீர்கள். நான் ஒரு காயை நகர்த்தினால் அடுத்து உங்கள் முறை. விரல் வேகத்துக்கு அங்கே வேலை இல்லை. அட்வான்ஸ் வார்ஸ் என்னும் வீடியோ கேமும் அதே இனம்தான். கட்டம் கட்டமான நிலப்பரப்பு. அதில் காலாட்படை, டாங்கி, பீரங்கி. உங்கள் படை முழுவதையும் நகர்த்தி முடித்த பிறகுதான் எதிரி அசைவான். ஜப்பானின் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. இந்த வரிசையில் முதலில் வந்தவை கலகலப்பானவை. தளபதிகள் சிரித்துப் பேசிக்கொண்டே சண்டைக்குப் போவார்கள்.

2008இல் வந்தது அப்படியல்ல. அமெரிக்காவில் அதற்கு டேஸ் ஆஃப் ரூயின் என்றும் ஐரோப்பாவில் டார்க் கான்ஃப்ளிக்ட் என்றும் பெயர். அதன் கதையில், விண்கற்கள் விழுந்து மனித இனத்தில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்துவிட்டது. வில் என்ற பயிற்சி மாணவன் இடிபாடுகளிலிருந்து பிழைத்து வருகிறான். பிரென்னர் என்ற கேப்டன் அவனைத் தன் படையில் சேர்த்துக்கொள்கிறார். நாடு பிடிப்பது அந்தப் படையின் வேலை அல்ல. சாப்பாடு தேடுவதும், உயிரோடு இருப்பவர்களைத் தேடுவதும்தான் வேலை. பகை நாட்டு மக்களானாலும் காப்பாற்ற வேண்டும் என்பது பிரென்னரின் கொள்கை. இன்னொரு பக்கம் கிரேஃபீல்ட் என்ற அட்மிரல். உலகமே அழிந்த பிறகும் பழைய பகையை விடாத மனிதர். கதையின் நடுவிலேயே பிரென்னர் இறந்துபோகிறார். அதன் பிறகு லின் என்ற பெண் அதிகாரி படையை நடத்துகிறாள்.

கணக்கு வாத்தியாருக்கு இதில் என்ன பிடித்தது? ஒவ்வொரு அணிக்கும், அதாவது களத்தில் நகரும் ஒவ்வொரு காய்க்கும், பலம் பத்து. அடிபட்டு ஐந்தானால், அது கொடுக்கும் அடியும் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு கட்டடத்தைக் கைப்பற்ற 20 புள்ளி வேண்டும். பத்துப் பலமுள்ள காலாட்படை இரண்டு முறையில் முடிக்கும் வேலைக்கு, ஐந்துப் பலமுள்ளது நான்கு முறை எடுத்துக்கொள்ளும். காயம் பட்டவனுக்கு எல்லாமே தாமதம்தான் என்பதை வகுத்தல் கணக்கே சொல்லிவிடுகிறது. சண்டையில் எதிரி அணியை அழித்த அணிக்கு அனுபவமும் தரமும் கூடும். அந்த அணியை இழந்தால் புதிதாக ஒன்றை வாங்கலாம். அனுபவத்தை வாங்க முடியாது.

என் அக்காவின் பிள்ளைகள் ஏற்காட்டில் இருக்கிறார்கள். ஒரு மழைக்கால விடுமுறையில் அண்ணனும் தங்கையும் இதை ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போர்க்களம் முழுவதும் மூடுபனி உள்ள ஆட்டம் அது. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பனி இறங்கிய நேரத்தில் பஸ்ஸில் வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அடுத்த வளைவு இருக்கிறது என்று தெரியும். அதில் என்ன வருகிறது என்று தெரியாது. டிரைவர் ஹாரன் அடித்து, வேகத்தைக் குறைத்து, காது கொடுத்துக் கேட்டுத்தான் திருப்புவார். இந்த விளையாட்டிலும் அப்படித்தான். காலாட்படையை மலைமேல் ஏற்றினால் தொலைவு வரை பார்வை எட்டும். காட்டுக்குள் பதுங்கியவன் மட்டும், ஒட்டி நின்றால்தான் தெரிவான். தெரியாமல் அவன்மேல் போய் முட்டினால் நம் அணி அங்கேயே நின்றுவிடும்.

தங்கையின் காலாட்படை அப்படிப் போய் முட்டியது. எதிரியின் முறை முடிந்தபோது பத்து மூன்றாகியிருந்தது. அண்ணன் சொன்னான்: “அதை முன்னால் தள்ளு. எதிரி அதைச் சுட வெளியே வருவான். நாம் பீரங்கியால் அடிக்கலாம்.” கணக்கு சரி. நான் கேட்டால் என் மாணவர்களும் அதையே சொல்வார்கள். அவள் என்னைப் பார்த்து, “மாமா, பிரென்னர் இருந்தால் தள்ளுவாரா?” என்றாள். பிறகு பதிலுக்குக் காத்திராமல் அணியைப் பின்னால் இழுத்துத் தன் நகரம் ஒன்றில் நிறுத்தினாள். நகரத்தில் நின்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு பலம் ஏறும், காசும் செலவாகும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. அண்ணனுக்குப் பொறுமை இல்லை. ஆட்டம் நீண்டுகொண்டே போனது. முடிவில் விளையாட்டு தரும் மதிப்பெண்ணில் வேகத்துக்கும் இடம் உண்டு, இழப்பைக் குறைத்ததற்கும் இடம் உண்டு. எனவே இருவருமே தங்கள் பக்கம் நியாயம் என்று சாப்பாட்டு நேரம் வரை வாதாடினார்கள்.

ஒன்று கவனியுங்கள், நேயர்களே. தங்கை கேட்ட அந்தக் கேள்வி விதிப் புத்தகத்திலிருந்து வரவில்லை. முந்தைய கலகலப்பான ஆட்டங்களிலும் கிட்டத்தட்ட இதே விதிகள்தான். அங்கே எந்தக் குழந்தையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தளபதி செத்துப்போகும் கதை, ஒரு ரொட்டிக்கு ஊரே அலையும் கதை பின்னால் இருப்பதால்தான், மூன்று என்ற எண் அவளுக்கு மூன்று பேராகத் தெரிந்தது. சோகமான விளையாட்டு பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில் இதுதான். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன். சிரித்துக்கொண்டே சுடுகிற விளையாட்டைவிட இது எனக்கு எவ்வளவோ மேல்.

நிலைய நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒற்றை விரலைக் காட்டுகிறார். இதன் வரலாற்றைச் சாவகாசமாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். முதல் அட்வான்ஸ் வார்ஸ் அமெரிக்காவில் வெளிவந்தது 2001 செப்டம்பர் 10 அன்று. மறுநாள் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜப்பானில் அது 2004இல்தான், இரண்டாம் பாகத்தோடு சேர்ந்து வந்தது. அந்த இரண்டின் மறு ஆக்கம் 2022இல் வர வேண்டியது. உக்ரைன் போர் தொடங்கியிருந்த நேரம், இவற்றை வெளியிடும் நிண்டெண்டோ நிறுவனம் தள்ளிவைத்து 2023 ஏப்ரலில் வெளியிட்டது. நான் பேசிய இருண்ட கதையோ ஜப்பானில் கடைக்கே வரவில்லை. 2013இல் நிண்டெண்டோவின் வாடிக்கையாளர் மன்ற உறுப்பினர்களுக்குப் பதிவிறக்கமாக மட்டும் கிடைத்தது. மறு ஆக்கம் முதலில் அதற்குத்தான் வந்திருக்க வேண்டும் என்பேன். நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.