பாலை மரம் ஆடியில் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது?

[காட்சி: மாங்குளம் அருகே ஏ9 வீதி. ஆடி மாத மதியம், தாரின் மேல் கானல்]

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, புழுதியை அள்ளிக் கண்ணுக்குள் வீசுகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே மழையை இறக்கிவிட்டு, வெறுங்கையோடு வன்னிக்கு வரும் காற்று இது. குளங்கள் வற்றிக்கொண்டிருக்கின்றன. ஆனால் இந்தப் பாலை மரத்தைப் பாருங்கள். இலை பச்சை, கிளை நிறையப் பழம். தின்றால் இனிப்புத்தான், உதடுகள்தான் பாலில் ஒட்டிக்கொள்ளும்!

[காட்சி: இலைச்சருகை விலக்கும் கை]

மரம் இப்போது குடிப்பது போன மாரி மழையை. சருகு மூடிய மண்ணில் வேரும் கறையானும் போட்ட துளைகள் வழியே அந்தத் தண்ணீர் ஆழத்துக்கு இறங்கியது. ஆழ வேர் அதை மேலே இழுக்கிறது, இலைத் துளைகள் ஆவியாக விடுகின்றன. ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாக எவ்வளவு சூடு வேண்டும் தெரியுமா? அதைக் கேத்திலில் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான சூட்டைப்போல் ஏழு மடங்குக்கு மேல். அந்தச் சூடு முழுவதும் வெயிலிடமிருந்தும் காற்றிடமிருந்தும் போகிறது. மரத்தடி குளிர்வதற்கு நிழல் மட்டும் காரணமில்லை. தகரக் கொட்டிலுக்குள்ளும் நிழல்தான், மத்தியானம் அங்கே இருக்க முடிகிறதா?

சரி, காடு இருந்தால் மழை வரும் என்கிறார்களே? வன்னிக்கு அது பாதி உண்மைதான். ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் பெருமழை வங்காள விரிகுடாவில் இருந்து, வாடைக்காற்றோடும் தாழமுக்கத்தோடும் வருகிறது. அதை நம் காடு உண்டாக்குவதில்லை. சித்திரையில் பின்னேரம் இடியோடு பெய்யும் மழைக்கு வேண்டுமானால் காடு விடும் ஈரம் கொஞ்சம் கைகொடுக்கும். காட்டின் பெரிய வேலை வேறு: மூன்று மாத மழையைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிடுவது.

[காட்சி: பாலையும் முதிரையும் பக்கத்தில் பக்கத்தில்]

காலநிலையும் காட்டைச் செதுக்குகிறது. பாலை, வீரை இலைகள் சிறியவை, தடித்தவை, வரட்சியிலும் உதிராமல் நிற்கும். முதிரை இலையைக் கொட்டிவிட்டுத் தண்ணீர்ச் செலவைக் குறைத்துக்கொள்ளும். ஆற்றங்கரை என்றால் மருது. மழை குறைந்த மன்னார்ப் பக்கம் போனால் விடத்தல் முள். விடத்தல்தீவு என்று ஊருக்கே பெயர் இருக்கிறது, மழைமானி எதற்கு!

காட்டை வழித்துவிட்டால் கணக்கு மாறுகிறது. ஆவியாக ஈரம் இல்லாததால் வெயில் நேரே மண்ணையும் காற்றையும் சுடுகிறது. அடுத்த மாரியில் இறுகிய மண் மழையை உள்ளே விடாது. தண்ணீர் மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிக் குளத்தைத் தூர்க்கும். அந்தச் சூட்டில் முதலில் முளைப்பது பற்றைக்காடு. பாலைக் கன்றோ ஆற அமர வளரும் சாதி.

[காட்சி: அடர்காடு. உடைந்த பழைய குளக்கட்டு, அதன்மேல் பெரிய மரங்கள்]

இந்தக் கட்டுக்குக் கீழே ஒரு காலத்தில் வயல் இருந்தது. சனம் போன பிறகு காடு திரும்பி வந்தது, நூற்றாண்டுக் கணக்கில் நேரம் எடுத்து.