புக்கிட் மெர்தாஜாமில் டீசல் எஞ்சின்களைத் தேடி

வணக்கம் நேயர்களே. இப்போது நான் புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தின் நடைமேடையில் நிற்கிறேன். தெற்கே ஈப்போவுக்கும், வடக்கே பாடாங் பெசாருக்கும், மேற்கே பட்டர்வொர்த்துக்கும் போகும் பாதைகள் இவ்வூரில் பிரிவதால், பினாங்கு மாநிலத்தில் ரயில் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் கருத்து.

பயணிகள் வண்டிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கொம்யூட்டர் என்னும் குறுந்தொலைவு வண்டி, இடிஎஸ் என்னும் நகரங்களுக்கிடையிலான விரைவு வண்டி ஆகிய இரண்டும் மின்சார வண்டிகள். அவற்றில் தனி எஞ்சின் கிடையாது, மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. வண்டிகளையும் எஞ்சின்களையும் அவற்றின் வகையைக் குறிக்கும் வகுப்பு எண்ணால் அழைப்பார்கள். இடிஎஸ் வண்டிகளில், 2010இல் ஓடத் தொடங்கிய 91ஆம் வகுப்பு தென்கொரியாவின் ஹியுண்டாய் ரோடெம் தயாரிப்பு. 2015இல் வந்த 93ஆம் வகுப்பு சீனாவின் ஜூஜோவில் செய்யப்பட்டது. முகப்பைப் பார்த்தே இவ்விரண்டையும் பிரித்தறியச் சிறுவர்களும் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள்.

உண்மையான சுவை சரக்கு வண்டிகளில்தான் இருக்கிறது. தலைக்குமேல் 25,000 வோல்ட் மின்கம்பி ஓடினாலும், கொள்கலன்களையும் சிமெண்டையும் இன்றும் இழுத்துச் செல்பவை டீசல் எஞ்சின்களே. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஐந்து இலக்க எண் இருக்கும். 26105 என்று இருந்தால், முதல் இரண்டு இலக்கங்கள் வகுப்பையும், கடைசி இரண்டு இலக்கங்கள் அந்த வகுப்பில் அது எத்தனையாவது எஞ்சின் என்பதையும் சொல்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, கடந்து போகும் எந்த எஞ்சினும் உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த 26ஆம் வகுப்புதான். புளூ டைகர் என்று அழைக்கப்படும் இந்த எஞ்சின்களில் இருபது, 2003 முதல் 2005 வரையிலான காலத்தில் மலாயா ரயில்வேக்கு வந்தன. உள்ளே இருப்பது ஜெனரல் எலக்ட்ரிக்கின் பன்னிரண்டு சிலிண்டர் டீசல். ஏறத்தாழ 3,300 குதிரைத்திறன் கொண்டது. ஒரு மீட்டர் அகலமே உள்ள நம் தண்டவாளத்தின்மேல் இவ்வளவு பெரிய ஆற்றல், நீண்ட கொள்கலன் வரிசையை நின்ற இடத்திலிருந்து மெல்ல நகர்த்துவதை அருகில் நின்று பார்க்கும்போது, நடைமேடையின் அதிர்வு காலில் ஏறுவதை உணரலாம்.

கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதால் அடையாளம் காண்பதில் இன்னொரு பெரிய இன்பம் இருக்கிறது. 1990இல் வந்த 25ஆம் வகுப்பில் ஜெனரல் மோட்டார்ஸின் 645 வரிசை எஞ்சின் உள்ளது. அது இருவீச்சு எஞ்சின் என்பதால், தண்டு ஒவ்வொரு முறை சுழலும்போதும் எல்லாச் சிலிண்டர்களிலும் எரிபொருள் ஒருமுறை எரிகிறது. நான்குவீச்சு எஞ்சினான புளூ டைகரில் அதற்கு இரண்டு சுழற்சிகள் தேவைப்படுகின்றன. ஆகவே முன்னதன் ஒலி இடைவெளியில்லாத ரீங்காரமாகவும், பின்னதன் ஒலி உறுமி மேளத்தைப் போல விட்டுவிட்டு அதிர்வதாகவும் கேட்கும். அந்த ரீங்காரம் காற்றில் வந்தால் உடனே கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த வகுப்பில் வாங்கப்பட்டவை பன்னிரண்டு மட்டுமே.

பழையவற்றில் 20ஆம் வகுப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாடு சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் இங்கிலிஷ் எலக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து வரத் தொடங்கிய அந்த டீசல்களுக்குப் பூக்களின் பெயர்களைச் சூட்டினார்கள். நீராவி எஞ்சின்களை ஓய்வுக்கு அனுப்பத் தொடங்கியவை அவைதான். யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் நிலைய அதிபர்களாகப் பணியாற்றிய காலம் அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் யாராவது இந்தக் காணொளியைப் பார்த்தால், வீட்டிலுள்ள பழைய படங்களில் எஞ்சின் எண் தெரிகிறதா என்று தேடிப் பார்க்க வேண்டுகிறேன்.

மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்காதீர்கள். ஓட்டுநரின் முகத்தை நோக்கிக் கேமரா ஒளியைப் பாய்ச்சாதீர்கள். மின்கம்பிக்கு அருகே கைப்படக் குச்சியை உயர்த்தவே கூடாது.

ஒரு குறிப்பேடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், எண், போகும் திசை, இழுத்த சரக்கு ஆகியவற்றை அதில் எழுதி வாருங்கள். சில மாதங்களில், எந்த எஞ்சின் எந்தச் சரக்கோடு அடிக்கடி வருகிறது என்பது உங்களுக்கே புலப்படும். வழக்கமாக வரும் ஓர் எண் நெடுநாள் காணப்படாவிட்டால், அது பத்து காஜா பணிமனைக்குப் போயிருக்கக்கூடும் என்று நீங்களாகவே ஊகிக்கவும் தொடங்குவீர்கள்.