ஆங்கிலப் பேச்சு நம்மை எங்கே பிடிக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். கல்லூரித் தேர்வுக்கும் போட்டித் தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு பத்தியைக் கொடுத்து, பேசுபவர் எப்படி நம்மைத் தன் பக்கம் இழுக்கிறார் என்று கேட்டால் மளமளவென்று பெயர்கள் வரும். மெட்டஃபர் என்கிற உருவகம், அனஃபோரா என்கிற ஒரே தொடக்க அடுக்கு, ரெட்டரிக்கல் கொஸ்டின் என்கிற பதில் எதிர்பார்க்காத கேள்வி. சரி, அந்த உத்தி அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். விஷயமே அதில்தான் இருக்கிறது.

மேடைப்பேச்சு கேட்டு வளர்ந்த பகுதி இது. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழையில் நனைந்தபடி அண்ணாவின் பேச்சைக் கேட்டது நம் ஊர்க் கூட்டம். அடுக்குமொழி எந்த இடத்தில் கைதட்டு வாங்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அதே வித்தை ஆங்கிலத்தில் வந்தால் மட்டும் காது தயங்குகிறது.

கேட்பவரைத் தன் பக்கம் இழுக்க, கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கத் தத்துவ ஞானி அரிஸ்டாட்டில் மூன்று வழிகளைச் சொன்னார். லோகோஸ் என்றால் காரண காரியம். பேத்தோஸ் என்றால் கேட்பவர் மனத்தை அசைப்பது. ஈத்தோஸ் என்றால் பேசுகிற ஆள்மேல் வரும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பேச்சுக்குள்ளிருந்தே பிறக்க வேண்டும், ஏற்கெனவே இருக்கிற பேரை வைத்து வரக்கூடாது என்பது அவர் வாதம். பெரம்பூரை நினைத்தால் எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. அங்கிருந்த பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று மதராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோது தலைவரானவர் பி. பி. வாடியா. பம்பாய்ப் பக்கத்துப் பார்சி. தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேச, திரு.வி.க. போன்றவர்கள் தமிழில் எடுத்துச் சொன்னார்கள். அப்படிப்பட்டவரை ஆலைக்காரர்கள் நம்பினார்கள் என்றால் வாக்கிய அழகா காரணம்? 1920-ல் நிர்வாகம் அவர்மேல் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கும் அளவுக்கு அவர் அந்தச் சங்கத்தோடு நின்றார். ஈத்தோஸில் பாதி மேடைக்கு வெளியே சம்பாதிப்பது.

அப்புறம், எல்லோரும் எடுத்துக்காட்டும் பேச்சுக்கு வருகிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் பேசியது. 'ஐ ஹேவ் எ ட்ரீம்' (எனக்கொரு கனவு உண்டு) என்று வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரே தொடக்கம், அதுதான் அனஃபோரா. எழுதிக் கொண்டுவந்த உரையில் அந்தப் பகுதி கிடையாது, மேடையில் வந்தது. பிள்ளைகள் அதை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் உரையின் பலம் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. அமெரிக்காவின் அரசியல் சாசனத்தையும் சுதந்திரப் பிரகடனத்தையும் எல்லாக் குடிமக்களுக்கும் எழுதிக்கொடுத்த பிராமிசரி நோட்டு, அதாவது கடன் பத்திரம் என்கிறார். கறுப்பின மக்களுக்கு நாடு கொடுத்த செக்கோ 'இன்சஃபிஷியன்ட் ஃபண்ட்ஸ்' (கணக்கில் போதிய பணம் இல்லை) என்று திரும்பி வந்துவிட்டது என்கிறார். செக் திரும்பினால் என்ன ஆகும் என்று மின்ட் தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இதற்கு மெட்டஃபர் என்று பெயர் எழுதிவிட்டு நகர்ந்தால் என்ன பயன்? உரிமை கேட்டு வந்தவரை யாசகம் கேட்பவராகப் பார்ப்பது எதிர்த்தரப்பின் பழக்கம். செக் என்று சொன்ன நொடியில் அவர் கடன் கொடுத்தவர் ஆகிறார், நாடு கடன்காரன் ஆகிறது. கெஞ்சுவதற்கு இடமே இல்லை, வசூல்தான். அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் யார்? தேசத்தை நிறுவியவர்கள். அவர்களை மதிக்கிற எவரும் கடன் இல்லை என்று சொல்ல முடியாது. லோகோஸ், பேத்தோஸ், ஈத்தோஸ் மூன்றும் அந்த ஒரு செக்கில் அடங்கிவிடுகின்றன.

ஒப்பிட, 1961-ல் கென்னடி அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது சொன்னது: நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே, நீ நாட்டுக்கு என்ன செய்யலாம் என்று கேள். வாக்கியத்தைத் திருப்பிப் போட்ட அழகுக்குக் கைதட்டலாம். அதில் ஆதாரம் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

கைதட்டு வாங்காத உத்தி ஒன்றும் இருக்கிறது: செய்தவர் யார் என்று சொல்லாமல் விடுவது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வடசென்னைக்கு அதிகம் தேவை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் பரவியது. வாளியால் அள்ளினார்கள். இப்படி ஒன்றை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஆன் ஆயில் ஸ்பில் அக்கர்ட்' (எண்ணெய்க் கசிவு நிகழ்ந்தது) என்று முடித்துவிடலாம். இலக்கணம் சரி, பொய்யும் கிடையாது. எண்ணெய் தானாகவே கொட்டியது போல ஆகிவிடும், அவ்வளவுதான். 'மெஷர்ஸ் வில் பி டேக்கன்' என்பது இன்னும் சாமர்த்தியம். நடவடிக்கை எடுக்கப்படும், எடுப்பவர் யார், என்றைக்கு? படிப்பவர் மனம் ஆறிவிடும், எழுதியவர் எதற்கும் கட்டுப்பட மாட்டார்.

புதிய ஆலையோ துறைமுக விரிவாக்கமோ வந்தால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்கும். முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், கட்டு கட்டாக இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அந்த அறிக்கையில் பத்துப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் பக்கத்தில் யார், எப்போது, எவ்வளவு என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாமல் விட்ட இடங்களைத் தனித்தாளில் குறித்துக்கொண்டால், கூட்டத்தில் மைக் கைக்கு வரும்போது அந்தத் தாளைப் பார்த்தே கேட்கலாம். வணக்கம்.