பக்கத்தில் உட்கார ஒருவர்

(சென்னையில் பி.எட். மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் கூடியிருந்த அரங்கில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை மதியம், இந்த வெயிலில் பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் வியாசர்பாடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகளின் மனநலம் பற்றிய ஆய்வு. 'பள்ளிக்கு வர உனக்குப் பிடிக்குமா?' என்பது முதல் கேள்வி. நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் பின்னால் நின்ற டீச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'பிடிக்கும்' என்றாள். அடுத்து வந்தவனும் அப்படியே. சாயங்காலம் வரை எல்லோருமே 'பிடிக்கும்'தான். என் தாள்களை நம்பினால் அந்தப் பள்ளியில் வாடிய முகமே கிடையாது.

மறுநாள் மரத்தடிக்கு வந்துவிட்டேன். கேள்வியையும் மாற்றினேன். 'நேத்து ஸ்கூல்ல யார் யார்கிட்ட பேசுன?' அதே பெண் யோசித்துவிட்டுச் சொன்னாள்: 'பக்கத்துல உக்கார்ற பொண்ணு. அப்புறம் சத்துணவு ஆயா.' மிஸ்கிட்ட? 'மிஸ் போன்ல ஏதோ ஏத்திக்கினு இருந்தாங்கக்கா.'

அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரே அறையில் இரண்டு வகுப்பு. நடுவில் எமிஸ் பதிவு வேறு, அதாவது மாணவர் விவரங்களை அரசின் இணையதளத்தில் ஏற்றும் வேலை. தண்ணீர் குடிக்கக்கூட அவர் எழுந்து போனதை நான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எந்த ஆய்வைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: பிள்ளையோடு ஒரு பெரியவர் இருந்த நேரம் எவ்வளவு?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் இங்கே 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும், அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒரு பணியாளர். புதுக் கட்டடம் இல்லை, கணினி இல்லை. ஒரு ஆள், அவ்வளவுதான். அங்கன்வாடி டீச்சர் என்னென்ன பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும்: எடை போடுவது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது, இதற்கு நடுவில் பாட்டும் கதையும். கூடுதல் ஆள் வந்ததும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் இரண்டு மடங்கானது. பழைய பணியாளருக்கும் ஆரோக்கிய வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது. 18 மாதம் கழித்துப் பார்த்தால் கணக்கிலும் மொழியிலும் நல்ல முன்னேற்றம். தொடர்ந்து வந்த பிள்ளைகளிடம் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குறையும் கடுமையான சத்துக்குறைவும்கூடக் குறைந்திருந்தன. படிப்பும் உடம்பும் சேர்ந்தே தேறியிருக்கின்றன. 'படிப்பா, பிள்ளையோட நிம்மதியா, எது முக்கியம்?' என்று கேட்கிற பெற்றோரிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது கொரோனா. பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை ஆய்வு செய்தார்கள். டிசம்பர் 2021-ல் இழப்பு மிகப் பெரிதாக இருந்தது, கணக்கில் இன்னும் அதிகம். ஆனால் பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்பில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால், அதாவது தன்னார்வலர்கள் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்த அரசுத் திட்டத்தால், வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். யார் அந்தத் தன்னார்வலர்கள்? பெரும்பாலும் அதே தெருவில் இருக்கும் பெண்கள். சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பாய் விரித்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்தவர்கள். அவர்களுடைய உழைப்புக்கு நாம் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.

பிள்ளையின் பக்கம் இருந்து யோசிப்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில், மதியச் சாப்பாடு போட்டார்கள். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அன்றைக்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் முறை, தொடங்கியபோது ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். கரும்பலகையும் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது. வண்ண அட்டைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். என்னைக் கேட்டால், தரையில் உட்கார்ந்ததுதான் பெரிய மாற்றம்.

சரி, தரையில் உட்கார ஆசிரியருக்கு நேரம் வேண்டாமா? ராத்திரி பதினோரு மணிக்கு எமிஸ் சர்வர் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர், காலையில் ஒரு பிள்ளையின் வீங்கிய கண்ணை எப்படிக் கவனிப்பார்? ஆசிரியரின் நிம்மதியை ஆய்வில் தனி அத்தியாயமாக ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையின் நிம்மதி அங்கேதான் ஆரம்பமாகிறது.

அதனால் இந்த முறை எங்கள் படிவத்தில் முதல் கேள்விகளை உங்களுக்கே வைத்திருக்கிறேன். நேற்று பாடத்தைத் தவிர வேறு எதைப் பற்றியாவது ஒரு பிள்ளையிடம் பேசினீர்களா? எவ்வளவு நேரம்? பேச முடியவில்லை என்றால், எது தடுத்தது? படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. உங்கள் பெயரும் வேண்டாம், பள்ளிப் பெயரும் வேண்டாம். மூன்றாவது கேள்விக்கு இடம் போதாவிட்டால் பின்பக்கமும் எழுதுங்கள்.